எல்லோரும் போட்ட கையெழுத்து

2004இல் அட்லாண்டா ஸ்பெல்மன் கல்லூரியில் படித்த மாணவிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளுக்கு,

உங்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். வேலை, குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு திசையில் இருப்பீர்கள். இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்ட ஒரு காரியத்துக்காக, கடல் கடந்து, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒருவன் நன்றி சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். ராப் பாட்டில் வரும் வசைக்கும், துப்பாக்கிப் பெருமைக்கும், பெண்ணைப் பண்டமாக்கும் பேச்சுக்கும் யார் பொறுப்பு என்ற வழக்கு நாற்பது ஆண்டாக நடக்கிறது. செனட்டர்கள் கேட்டார்கள், போதகர்கள் கேட்டார்கள், நீதிபதிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் என்று நான் நினைப்பது உங்களைத்தான்.

இதை வாசிக்கும் தமிழ் வாசகருக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையை உங்களிடமே சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்காக 1881இல் அட்லாண்டாவின் ஒரு தேவாலய நிலவறையில் தொடங்கிய கல்லூரி. 2004இல் ராப் பாடகர் நெல்லியின் அறக்கட்டளை உங்கள் வளாகத்தில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு முகாம் ஒன்றை நடத்த ஏற்பாடு செய்தது. நெல்லியின் சகோதரி ஜாக்கி டோனஹ்யூவுக்கு ரத்தப் புற்றுநோய். பொருத்தமான மஜ்ஜை தேவைப்பட்டது. அதே நெல்லியின் ‘டிப் டிரில்’ என்ற பாட்டின் காணொளி அப்போது பிஈடி தொலைக்காட்சியின் பின்னிரவு நிகழ்ச்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்க்கிற காட்சி வரும். அதைப் பார்த்த நீங்கள் முகாமுக்கு வருகிறவரிடம் ஒன்று கேட்டீர்கள்: எங்கள் உடலிலிருந்து மஜ்ஜை கேட்டு வருகிறீர்கள், நல்லது, எங்கள் உடலை இப்படிக் காட்டியதைப் பற்றியும் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு நடக்கவில்லை. அறக்கட்டளை முகாமை ரத்து செய்தது. நீங்களே தனியாக ஒரு பதிவு முகாம் நடத்தினீர்கள்.

மாணவர் மன்றத் தலைவி ஆஷா ஜென்னிங்ஸ், பெண்ணிய மாணவிகள் குழுவிலிருந்த மோயா பெய்லி என்று ஒன்றிரண்டு பெயர்கள்தான் செய்தியில் வந்தன. இந்த மடல் பெயர் வராத மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் மற்றவர்கள் கேட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் ஒரு விசாரணை. டிப்பர் கோர் முதலிய வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவிமார் தொடங்கிய அமைப்பு, பாட்டுகளில் ஆபாசம் மிகுந்துவிட்டது என்று முறையிட்டது. முடிவில் இசைத்தட்டு நிறுவனங்கள் உறைமேல் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட ஒப்புக்கொண்டன. 1990இல் அது ஒரே வடிவத்துக்கு வந்தது. ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்ற அந்தக் கறுப்பு வெள்ளைச் சீட்டை ராப் கேட்பவர் யாரும் மறக்க முடியாது. அது சாமர்த்தியமான ஏற்பாடு. தயாரித்தவர், பணம் போட்டவர், விற்றவர் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டு, கடையில் நிற்கும் தாய் தகப்பன் தலையில் பொறுப்பை இறக்கிவைத்தார்கள். வால்மார்ட் அந்தச் சீட்டு ஒட்டிய தட்டுகளை விற்க மறுத்தபோது, நிறுவனங்கள் வசையை வெட்டிய இன்னொரு பதிப்பை அச்சடித்து அங்கே அனுப்பின. ஒரே பாட்டை இரண்டு விதமாக விற்க வழி கிடைத்தது. பாட்டை எழுதும் முறை மாறவில்லை.

அடுத்து வந்தது காவல்துறை. 1989இல் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டைக் கண்டித்து அவர்களுடைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதத் தூண்டியது, போலீஸ் அத்துமீறலைத் திட்டிய பாட்டு. அதே தட்டில் பெண்களைப் பற்றி இருந்த வசை அவரை உறுத்தவில்லை. 1990இல் ஃப்ளோரிடாவில் ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதி ‘2 லைவ் குரூ’ குழுவின் தட்டை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கறுப்பினக் கடைக்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த நேரத்தில் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய கட்டுரை இன்றும் படிக்க வேண்டியது. வெள்ளையர்கள் விற்கும் ஆபாசத்தை விட்டுவிட்டு இந்தக் கறுப்பின இளைஞர்களை மட்டும் குறிவைத்தது இனவெறி என்றார். அவர்களைக் காப்பாற்ற வந்தவர்கள், ‘இது எங்கள் பண்பாட்டு நையாண்டி’ என்று சொல்லிக் கறுப்பினப் பெண் படும் அவமானத்தை மூடி மறைத்ததும் அநியாயம் என்றார். வழக்குப் போட்டவருக்கும் அவள் பொருட்டில்லை, எதிர்வாதம் செய்தவருக்கும் அவள் பொருட்டில்லை.

பிறகு உங்களுக்குப் பாட்டி முறையாகக்கூடிய சி. டெலோரஸ் டக்கர் வந்தார். 1965இல் மார்ட்டின் லூதர் கிங்கோடு செல்மாவில் நடந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தின் செயலராக இருந்தவர். அவர் புரிந்துகொண்ட ஒன்று அதுவரை பலருக்குப் பிடிபடவில்லை: பாடுகிறவனை மட்டும் திட்டிப் பயனில்லை, பணம் போடுகிறவனிடம் போக வேண்டும். 1995இல் டைம் வார்னர் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்கே போய்ப் பேசினார். அந்த நிறுவனத்துக்கு இன்டர்ஸ்கோப் என்ற ராப் நிறுவனத்தில் பாதிப் பங்கு இருந்தது. நெருக்கடி தாங்காமல் அந்த ஆண்டே அதைக் கைகழுவியது.

வெற்றி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அந்தப் பாதியை 20 கோடி டாலருக்கு எம்சிஏ வாங்கியது. அதற்குச் சொந்தக்காரரான சீக்ராம் நிறுவனத்தின் தலைவர் எட்கர் பிரான்ஃப்மன். இசைப் பிரிவைக் கவனித்தவர் டக் மோரிஸ். சில மாதம் முன்புதான் டைம் வார்னரின் இசைப் பிரிவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்த எம்சிஏதான் பெயர் மாறி யுனிவர்சல் ஆனது. உங்கள் நெல்லியின் தட்டுகளை வெளியிட்டதும் அதே யுனிவர்சல். டக்கர் அம்மையார் ஒரு வாசலை அடைத்தார். சரக்கு அடுத்த வாசல் வழியாக, அதே ஆட்களின் கையாலேயே, வெளியே வந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். உங்களுக்கு முதல் நன்றி, நேரில் கேட்டதற்கு.

நீங்கள் போலீசைக் கூப்பிடவில்லை. தடை கோரி நீதிமன்றம் போகவில்லை. தட்டுகளைக் குவித்து நசுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருகிறான், வரட்டும், வந்து பதில் சொல்லட்டும் என்றீர்கள். வெளியார் பழி சொல்வதற்கும் சொந்தக்காரர் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருந்தது. ராப் பாட்டைக் கண்டித்த செனட்டர்களில் எத்தனை பேர் அதை ஒருநாளாவது விரும்பிக் கேட்டிருப்பார்கள்? நீங்கள் அந்தப் பாட்டுக்கு ஆடி வளர்ந்தவர்கள். உங்களிடம் யாரும், உங்களுக்கு ஹிப் ஹாப் புரியாது என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

ஹிப் ஹாப்பில் பெண்கள் விருந்தாளிகளாகவும் இருந்ததில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு கொண்டாட்டத்திலிருந்துதான் இந்தக் கலையின் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். இசைத்தட்டு சுழற்றியவர் கூல் ஹெர்க். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அந்தக் கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவர் தங்கை சிண்டி கேம்பல். ராப் பாட்டைச் சேரியின் துயரத்தைப் பேசும் கலையாக உயர்த்திய ‘தி மெசேஜ்’ 1982இல் வெளிவரக் காரணமான தயாரிப்பாளர் சில்வியா ராபின்சன், ஒரு பெண். பெண்ணை வைவதைக் கண்டித்து 1993இல் குயின் லத்தீஃபா பாடிய ராப் பாட்டுக்கு கிராமி விருதே கிடைத்தது. ஆக, நீங்கள் கேட்டது சொந்த வீட்டில் உரிமையோடு கேட்ட கேள்வி.

இரண்டாவது நன்றி, அந்தக் கேள்வியை ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாததற்கு.

பொறுப்பைப் பங்காளிச் சொத்துப் போல நினைப்பதுதான் நம் வழக்கம். பங்குக்கு ஆள் கூடக்கூட, ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். பாடகன் சொல்வான்: நான் பார்த்த தெருவைப் பாடினேன். நிறுவனம் சொல்லும்: கலைஞனின் சுதந்திரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. தொலைக்காட்சி சொல்லும்: பின்னிரவில்தானே போட்டோம். வானொலி சொல்லும்: கேட்கிறார்கள், போடுகிறோம். கேட்பவன் சொல்வான்: எனக்குத் தாளம்தான் பிடிக்கும், வரியை யார் கவனித்தது? இப்படி ஆளுக்குக் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் பொறுப்பு என்று எதுவும் மிஞ்சாது. ஆனால் பொறுப்பு ஜாமீன் கடன் மாதிரி. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால், கடன் பத்தாகப் பிரிவதில்லை. பத்துப் பேரில் யாரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம். ‘அவனும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்’ என்பது உண்மையாக இருக்கலாம், அது பதிலாகாது.

நீங்கள் நெல்லியிடம் தொடங்கினீர்கள். ஆனால் உங்கள் போராட்டத்தின் சூடு தணிவதற்குள், 2005 தொடக்கத்தில், கறுப்பினப் பெண்களுக்கான ‘எசென்ஸ்’ இதழ் இசையை மீட்போம் என்று ஓராண்டு இயக்கம் தொடங்கி, உங்கள் கல்லூரியிலேயே பொது விவாதம் நடத்தியது. 2006இல் வந்த பைரன் ஹர்ட்டின் ஆவணப்படம், ஹிப் ஹாப்பை நேசிக்கும் ஒரு கறுப்பின ஆண் தன் சக ஆண்களை நோக்கிக் கேட்ட கேள்விகள். அதில் உங்கள் போராட்டத்துக்கு இடம் உண்டு. அந்தப் பின்னிரவு நிகழ்ச்சியும் 2006இல் நின்றது. நின்றதற்கு நீங்கள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டியவர்கள் யார் என்பதை மாற்றியது நீங்கள்.

கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

‘நான் தெருவைக் காட்டும் கண்ணாடி’ என்று பாடகன் சொல்லும் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. 1980களின் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கிராக் போதையும் வேலையின்மையும் போலீஸ் அடியும் இருந்தன. அதை முதலில் ஊருக்குச் சொன்னது செய்தித்தாளை விட ராப்தான். ஆனால் கண்ணாடி எதையும் தேர்ந்தெடுக்காது, பாட்டு தேர்ந்தெடுக்கும். அதே தெருவில் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாயும், இரவுப் பள்ளிக்குப் போகும் அக்காவும் இருந்தார்கள். அவர்கள் ஏன் பாட்டுக்குள் வரவில்லை என்று கேட்டால் கண்ணாடியிடம் பதில் இல்லை.

அதற்குப் பதில் கடையில் இருக்கிறது. 1991 மே மாதம்வரை பில்போர்டு பட்டியல், கடைக்காரர்களைக் கேட்டுத் தயாரானது. அதன்பின் பார்கோடு வழியாக விற்பனையை நேரடியாக எண்ணத் தொடங்கினார்கள். சில வாரத்திலேயே என்.டபிள்யூ.ஏ.வின் புதுத் தட்டு முதலிடத்துக்கு வந்தது. வானொலி ஒலிபரப்பாத, தொலைக்காட்சி தொடத் தயங்கிய ஒரு தட்டு! கடுஞ்சொல்லுக்கு எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பதை நிறுவனங்கள் அன்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டன. அந்தச் சந்தையில் வெள்ளையர் வாழும் புறநகரின் பையன்களும் இருந்தார்கள். கறுப்பினப் பேட்டையின் ஆபத்தை, ஆபத்தில்லாமல், தங்கள் படுக்கையறையில் இருந்தபடி ருசிக்க விரும்பியவர்கள் அவர்கள். கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1994இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டினார்: இந்தப் பாட்டிலுள்ள பெண் வெறுப்பு கறுப்பின இளைஞர்கள் தனியாகக் கண்டுபிடித்ததல்ல, அமெரிக்கச் சமூகம் முழுக்க உள்ள சரக்கு, அதைச் சுமந்து விற்கும் வேலை மட்டும் அவர்களுக்குத் தரப்பட்டது.

வானொலிக்கு வருவோம். 1996க்கு முன்பு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுதும் 40 வானொலி நிலையங்கள்வரைதான் வைத்திருக்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள். ஊர்ப் பாடகனை ஊர் வானொலி அறிமுகப்படுத்தும் வழி குறுகியது. எது எங்கே ஓடினாலும் விற்கிறதோ அதே பத்துப் பாட்டு எல்லா ஊரிலும் சுழன்றது. ஹிப் ஹாப்பில் அரசியல் பேசியவர்களும், நகைச்சுவைக்காரர்களும், காதலைக் கண்ணியமாகப் பாடியவர்களும் எப்போதும் இருந்தார்கள். ஒலிபெருக்கிதான் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. பேராசிரியர் ட்ரிஷியா ரோஸ் 2008இல் எழுதிய நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபருக்கும், வாக்களித்த உறுப்பினர்களுக்கும் ராப்பின் வசையில் பங்கு உண்டு என்று அன்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் பலர் ராப்பைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள்.

2007 செப்டம்பர் 25 அன்று வாஷிங்டனில் நடந்த விசாரணையில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓர் ஒலிபரப்பாளர் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து மாணவிகளை இனவெறியோடு இழித்துப் பேசி வேலையை இழந்திருந்தார். ‘ராப்பில் இதைவிட மோசமாகப் பேசவில்லையா?’ என்று அவர் தரப்பு கேட்டதிலிருந்து கிளம்பிய விவாதம் அது. சிகாகோவின் நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ் தலைமை. பிஈடியை அப்போது வைத்திருந்த வயாகாமின் தலைவர் வந்தார். யுனிவர்சலின் தலைவராக டக் மோரிஸ் வந்தார். வார்னர் இசை நிறுவனத்தின் தலைவராக எட்கர் பிரான்ஃப்மன் வந்தார். ஆம், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் டக்கர் அம்மையார் போராடிய அதே வரலாற்றின் அதே இருவர், நாற்காலி மாறி. பாடகர்களில் மாஸ்டர் பி, தன் பழைய பாட்டுகளுக்காகப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். டேவிட் பேனர், நோய் அமெரிக்காவுக்கு, ராப் அதன் அறிகுறி என்ற பொருளில் வாதாடினார். அந்த அறையில் மன்னிப்பு வந்தது பாடகனிடமிருந்துதான்; அதிகச் சம்பளம் வாங்கிய நாற்காலிகளிலிருந்து அப்படி ஒரு சொல் வரவில்லை.

பாடகன் ஒருவன் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்தினால் எங்கே போய் முடியும் என்பதை உங்கள் ஊரே பிறகு காட்டியது. 2022இல் அட்லாண்டாவில் பாடகர் யங் தக் மீதும் மற்றவர்கள் மீதும் குற்றக் கும்பல் வழக்குப் பதிவானது. அரசுத் தரப்பு அவருடைய பாட்டு வரிகளைச் சாட்சியமாகக் கொண்டுவந்தது. நீதிபதி பல வரிகளை அனுமதித்தார். கொலையைப் பற்றி நாவல் எழுதியவரை யாரும் அந்த நாவலைக் காட்டிச் சிறைக்கு அனுப்புவதில்லை. இந்த ஆபத்தை உணர்ந்து கலிஃபோர்னியா 2022இலேயே கலைப்படைப்பைச் சாட்சியமாக்குவதற்குச் சட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாட்டுக்குக் கணக்குக் கேட்பது வேறு, பாட்டைக் குற்றப் பத்திரிகையாக்குவது வேறு. நீங்கள் கேட்டது முதல் வகை. அதனால்தான் உங்களை மேற்கோள் காட்டி எந்த அரசு வழக்கறிஞரும் வாதாட முடியாது.

இன்று வானொலியின் இடத்தில் செயலிகள் வந்துவிட்டன. 2018 மே மாதத்தில் ஸ்பாட்டிஃபை, நடத்தை கெட்ட கலைஞர்களைத் தன் தேர்வுப் பட்டியல்களில் சேர்ப்பதில்லை என்று ஒரு கொள்கை அறிவித்தது, பாடகர் ஆர். கெல்லியும் ராப் பாடகர் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியனும் நீக்கப்பட்டார்கள். தொழில்துறையில் எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற்றது. விளம்பரதாரர் கதை வேறு விதம். 2013இல், பெண்ணுக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதைப் பெருமையாகச் சொல்லும் வரி ஒன்றை ரிக் ராஸ் பாடியபோது, பெண்கள் அமைப்பு காலணி நிறுவனமான ரீபோக்கின் வாசலில் நின்றது, அவரோடு அதற்கிருந்த விளம்பர ஒப்பந்தம் முறிந்தது. யாரிடம் கேட்டால் எது அசையும் என்பதைப் பார்த்துக் கேட்கும் அந்தத் தந்திரத்தில் உங்கள் வழியின் சாயல் இருக்கிறது.

மூன்றாவது நன்றிதான் எனக்கு முக்கியம். நோயாளியை நீங்கள் கைவிடவில்லை.

உங்கள்மேல் வைக்கப்பட்ட கனமான குற்றச்சாட்டு அதுதான். ஜாக்கி டோனஹ்யூ 2005இல் இறந்துபோனார். 2013இல் ஒரு நேர்காணலில் நெல்லி, உங்கள் போராட்டம் தன் சகோதரியைக் காப்பாற்றும் ஒரு வாய்ப்பைப் பறித்துவிட்டது என்று கோபமாகச் சொன்னார். உடன்பிறந்தவளை இழந்த ஒருவனின் துயரத்தோடு யாரும் வாதாடக் கூடாது. அந்தத் துயரம் மெய். கறுப்பின நோயாளிக்கு மஜ்ஜை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும் மெய். திசுப் பொருத்தம் பரம்பரையாக வருவது. கறுப்பினத்தவரிடம் அதன் வகைகள் மிக அதிகம், பதிவு செய்தவர்களோ குறைவு. அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கில், வெள்ளை நோயாளி ஒருவருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம். கறுப்பின நோயாளிக்கு 29 சதவீதம். ஒரு கல்லூரி முழுக்கக் கறுப்பினப் பெண்கள் இருக்கிற இடத்தில் நடக்கும் முகாம் எவ்வளவு பெறுமதியானது என்று இதிலிருந்து தெரியும்.

உங்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் முகாம் ரத்தானபோது, பாரம் விட்டது என்று இருந்துவிடாமல் நீங்களே நடத்தினீர்கள். பாட்டைக் கண்டித்த எத்தனையோ பேர் கண்டித்ததோடு கடமை முடிந்தது என்று போனார்கள். பிறரிடம் பொறுப்புக் கேட்ட அதே மூச்சில் உங்கள் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள். அவமதிப்பை விழுங்கினால் உயிர் காக்கலாம், வாய் திறந்தால் உயிரைக் கைவிட வேண்டும் என்று உங்கள் முன் இரண்டே வழியை வைத்தார்கள். மூன்றாவது வழி இருக்கிறது என்று நடந்து காட்டினீர்கள். பேச்சுக்கு வர மறுத்தது மறுதரப்பு. முகாமை நிறுத்தியதும் மறுதரப்பு. நிறுத்தியவர்களின் கையெழுத்தை உங்கள் பேரில் எழுதுவது நியாயம் இல்லை.

இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தக் காணொளியில் நடித்த பெண்கள் வயது வந்தவர்கள், சம்மதித்து வந்தவர்கள், உங்களுக்கு என்ன வந்தது? நீங்கள் அந்தப் பெண்களை இழிவாகப் பேசிப் பதில் சொல்லியிருக்கலாம், அது சுலபம். படித்த பெண்கள் படிக்காத பெண்களைத் தாழ்த்திப் பேசினார்கள் என்று கதை முடிந்திருக்கும். நீங்கள் கேள்வியைப் பணம் இருக்கும் பக்கமாகவே வைத்திருந்தீர்கள். பெண்ணுக்கு அந்தத் திரையில் கிடைக்கும் வேலை அது ஒன்றுதான் என்றால், வேலையை வகுத்தவரிடம்தானே முதலில் கேட்க வேண்டும்?

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ராப் இப்போது தமிழிலும் வேர்விட்டுவிட்டது. மலேசியத் தமிழர்களான யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது. இயக்குநர் பா. ரஞ்சித் முன்னின்று உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018இல் மேடையேறிச் சாதியை எதிர்த்து ராப் பாடியது. உங்கள் ஊர்க் கலை எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வழிகொடுத்தது, அதற்கும் நன்றி. ஆனால் கலையோடு அதன் கெட்ட வழக்கமும் கப்பலேறி வரும். ஹிப் ஹாப் தமிழாவைப் பட்டிதொட்டியெல்லாம் தெரியவைத்த ‘கிளப்புல மப்புல’ பாட்டு, நவீன உடையில் இருக்கும் பெண்ணுக்குப் பாடம் எடுக்கிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. சினிமாவில் பெண்ணைத் துரத்தும் பாட்டுகளோ ராப்புக்கு முன்பிருந்தே எங்களிடம் உண்டு. அந்தப் பழியை அமெரிக்கா மேல் போட முடியாது. யாராவது கேட்டால் பாடலாசிரியர் ‘சூழலுக்கு எழுதினேன்’ என்பார், இயக்குநர் ‘ரசிகர் கேட்கிறார்கள்’ என்பார், ரசிகர் ‘பாட்டுதானேப்பா, விடு’ என்பார். நீங்கள் அட்லாண்டாவில் கேட்ட பல்லவியேதான், ராகம் மட்டும் வேறு.

எனவே உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். யார் பொறுப்பு என்று பொதுவாகக் கேட்டால், எல்லோரும் பக்கத்தில் நிற்பவரைக் காட்டுவார்கள். உன் கையில் என்ன இருந்தது, அதை வைத்து நீ என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் விரல் நீட்ட இடம் இருக்காது. பாடகன் கையில் பேனா இருந்தது. நிறுவனத்தின் கையில் ஒப்பந்தம் இருந்தது. தொலைக்காட்சியின் கையில் நேரம் இருந்தது. சட்டமன்றத்தின் கையில் வரம்பு இருந்தது. என்னைப் போன்ற ரசிகன் கையில் காசும், இன்றைக்கு ஒரு விரல் தட்டலும் இருக்கிறது. அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கேள்வி கனக்க வேண்டும். ஆனால் யாருக்கும் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை.

இருபது வயதில், தேர்வும் படிப்புச் செலவும் தலைமேல் இருந்தபோது, உங்களுக்கு இது தேவையில்லாத வேலை. நாட்டின் பெரிய பாடகர்களில் ஒருவரைப் பகைத்துக்கொண்டீர்கள். இரக்கமில்லாதவர்கள் என்ற பேரும் வாங்கினீர்கள். உங்களில் மோயா பெய்லி பிறகு பேராசிரியராகி, கறுப்பினப் பெண்கள் மீதான வெறுப்பைப் பற்றி 2021இல் நூலே எழுதினார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று செய்தியில் வராது. வர வேண்டியதும் இல்லை. நீங்கள் எங்கே இருந்தாலும், ஹிப் ஹாப்பை விட்டுவிடாமல், அதைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் விட்டுவிடாமல் இருக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள். பிடித்த கலையைக் கண்டிப்பது அதற்குச் செய்யும் துரோகம் என்று இங்கே யாராவது சொல்லும்போதெல்லாம் நான் உங்கள் கதையைச் சொல்கிறேன். இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து முன்கூட்டியே நன்றி.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ராப் ரசிகன்